எம்டன் ஏன் சென்னைக்கு வந்தது? வல்லரசுகளின் போட்டி பெரும்போராக மாறும் விதம்

1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. தேடுவிளக்கைக் கரைமேல் அடித்து, குண்டுகளைப் பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரிலும் ஒரு குண்டு விழுந்தது. அந்த இடத்தில் வைத்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. மடக்கவே முடியாத ஆளைப் பார்த்து "அவன் சரியான எம்டன்" என்று சொல்கிறோமே, அந்தச் சொல் நம்மிடம் வந்தது அந்த இரவில்தான்.

அதற்கு மூன்று மாதத்துக்கு முன் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில், சரயேவோ என்ற ஊரில் 19 வயது இளைஞன் ஒருவன் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். அந்தத் துப்பாக்கிச் சூடு சென்னையில் எண்ணெய்த் தொட்டி எரிவதில் எப்படி வந்து முடிந்தது? சென்னையில் இருந்த யாருக்கும் செர்பியாவோடு ஒரு வழக்கும் இல்லை.

இந்தக் கேள்வியை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. அமெரிக்கா, சீனா, தைவான், தென்சீனக் கடல் என்று செய்தி வரும்போதெல்லாம் "துசிடிடீஸ் பொறி" என்ற தொடர் கூடவே வருகிறது. ஏதென்ஸ் வளர்ந்தது, அதைக் கண்டு ஸ்பார்ட்டா பயந்தது, அதனால் போர் தவிர்க்க முடியாததாயிற்று என்று 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதினார். அதை வைத்து, "வளரும் நாடும் ஏற்கெனவே மேலே இருக்கும் நாடும் மோதித்தான் தீரும்" என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். 1914ஐ நெருங்கிப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது. போட்டி விறகைக் காய வைத்தது, சரி. பற்றவைத்தவை வேறு விஷயங்கள்.

முதலில் நான்கு சொற்கள்

1. வல்லரசு: தன் எல்லைக்கு அப்பாலும் பிற நாடுகளின் முடிவை மாற்றும் படைபலமும் பணபலமும் உள்ள நாடு. 1914இல் ஐரோப்பாவில் அப்படி ஐந்து நாடுகள்: பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, ஆஸ்திரியா-ஹங்கேரி. இத்தாலியை ஆறாவதாகச் சேர்ப்பவர்களும் உண்டு.

2. பாதுகாப்புச் சிக்கல்: நான் என் பாதுகாப்புக்காக ஒரு துப்பாக்கி வாங்குகிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தன்மேல் குறிவைத்ததாகத் தெரிகிறது. அவர் இரண்டு வாங்குகிறார். இருவருமே தற்காப்பு என்றுதான் நினைக்கிறோம். இருவருக்கும் முன்பைவிட ஆபத்து கூடுகிறது.

3. படைதிரட்டல்: அமைதிக்காலத்தில் வீட்டில் இருக்கும் லட்சக்கணக்கான பழைய வீரர்களை அழைத்து, உடையும் ஆயுதமும் கொடுத்து, ரயிலேற்றி எல்லையில் கொண்டுபோய் நிறுத்துவது. இன்று இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அன்று எல்லாமே இதைச் சுற்றித்தான் நடந்தது.

4. கெடு: "இத்தனை மணிக்குள் ஒத்துக்கொள், இல்லையென்றால் போர்" என்று எழுதிக் கொடுப்பது.

ஜெர்மனி எழுந்தது

1871 ஜனவரியில் பிரான்ஸைத் தோற்கடித்த கையோடு, வெர்சாய் அரண்மனையிலேயே ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது. அல்சேஸ், லொரேன் பகுதிகளைப் பிரான்ஸ் இழந்தது. அந்தக் காயம் ஆறவில்லை. ஜெர்மனியின் மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 4.1 கோடி, 1914இல் 6.7 கோடி. பிரான்ஸோ 4 கோடியை ஒட்டியே நின்றுவிட்டது. எஃகு உற்பத்தியில் 1890களில் பிரிட்டனை முந்திய ஜெர்மனி, போருக்கு முந்தைய ஆண்டில் பிரிட்டனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உற்பத்தி செய்தது.

இப்படி ஒரு நாடு ஐரோப்பாவின் நடுவில் எழுந்தால் மற்றவர்கள் ஒன்றுகூடுவார்கள் என்று ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்குக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வல்லரசுகள் இருந்தால், மூன்று பேர் இருக்கும் பக்கத்தில் நாம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1879இல் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும், 1887இல் ரஷ்யாவோடும் தனித்தனியாக ஒப்பந்தம் வைத்திருந்தார். 1890இல் இளம் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அவரை விலக்கினார். ரஷ்ய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. நான்கே ஆண்டில் ரஷ்யாவும் பிரான்ஸும் கூட்டணி சேர்ந்தன. கிழக்கிலும் மேற்கிலும் ஒரே சமயத்தில் போரிட நேரும் என்ற பயம் ஜெர்மன் தளபதிகளின் மனதில் வந்து உட்கார்ந்தது இதற்குப் பிறகுதான்.

கப்பல் போட்டி

1898, 1900 ஆண்டுகளின் சட்டங்கள் மூலம் அட்மிரல் திர்பிட்ஸ் பெரிய கடற்படை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பிரிட்டனை வெல்ல வேண்டியதில்லை; மோதினால் பிரிட்டனுக்கும் பலத்த அடி விழும் என்ற அளவுக்குக் கப்பல் இருந்தால் போதும், அது நம்மை மதித்து நடக்கும் என்பது அவர் எண்ணம்.

எதிர்ப்பக்கத்தில் இது எப்படித் தெரிந்தது? பிரிட்டன் தீவு. உணவில் பாதிக்கும் மேல் கடல் வழியாக வருகிறது. ஜெர்மனிக்குக் கடற்படை ஒரு கௌரவம், பேரம் பேசும் பலம். பிரிட்டனுக்கோ அது சோற்றுப் பிரச்சினை. 1906இல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற புதுவகைப் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியதும் பழைய கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிப் போயின. ஜெர்மனியும் அதே வகையில் கட்டியது. 1909இல் பிரிட்டனில் பீதி கிளம்பி, நான்கு கப்பல் என்று தொடங்கிய திட்டம் எட்டில் போய் நின்றது.

திர்பிட்ஸ் நினைத்ததற்கு நேர்மாறாக, பயந்த பிரிட்டன் தன் பழைய எதிரிகளோடு சமாதானமானது. 1904இல் பிரான்ஸோடும் 1907இல் ரஷ்யாவோடும் காலனித் தகராறுகளைத் தீர்த்துக்கொண்டது. தன்னை எல்லோரும் சுற்றி வளைக்கிறார்கள் என்று ஜெர்மனி புலம்பியது. அந்த வளையத்தில் பெரும்பகுதி அதன் கப்பல் பட்டறைகளிலேயே வார்த்தது என்பதை அது ஏற்கவே இல்லை.

ஆனால் 1914 கோடையில் நிலைமை தணிந்திருந்தது

இந்தப் பகுதியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கப்பல் போட்டியில் பிரிட்டன் ஜெயித்துவிட்டது. 1912க்குப் பிறகு ஜெர்மனி தன் பணத்தைத் தரைப்படைக்குத் திருப்பியது. 1912-13 பால்கன் போர்களின்போது லண்டனும் பெர்லினும் சேர்ந்து நெருப்பை அடக்கின. பாக்தாத் ரயில் பாதை பற்றிய நெடுநாள் தகராறில் 1914 ஜூன் மாதத்திலேயே இருவரும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சரயேவோ கொலை நடந்த ஜூன் 28 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் விருந்தாளிகளாக நின்றிருந்தன. கொலைச் செய்தி வில்ஹெல்முக்குக் கிடைத்ததும் அங்கே, பாய்மரப் படகுப் போட்டியின் நடுவில்.

வளர்ந்த நாடும் மேலே இருந்த நாடும் கைகுலுக்கிக்கொண்டிருந்த வாரத்தில் போருக்கான முதல் அடி விழுந்தது. அப்படியானால் பயம் எங்கே இருந்தது?

1917 என்ற ஆண்டு

பயம் கிழக்கே இருந்தது. 1905இல் ஜப்பானிடம் தோற்றுப் படுத்த ரஷ்யா வேகமாக எழுந்தது. பிரெஞ்சுக் கடனில் போலந்துப் பகுதியை நோக்கி ரயில் பாதைகள் போடப்பட்டன. 1917இல் முடிய வேண்டிய பெரிய படைத் திட்டம் ஒன்று ஒப்புதல் பெற்றது. அதற்குப் பிறகு ரஷ்யாவையும் பிரான்ஸையும் சேர்த்து எதிர்கொள்ள முடியாது என்று ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கே கருதினார். போர் எப்படியும் வரும், சீக்கிரம் வந்தால் நல்லது என்று 1912 டிசம்பரிலேயே பேரரசர் முன்னிலையில் பேசியவர் அவர். தலைமை அமைச்சர் பெத்மான் ஹோல்வெக், தன் பண்ணையில் மரம் நடுவதில் பயனில்லை, சில ஆண்டில் ரஷ்யர்கள் இங்கே இருப்பார்கள் என்று மகனிடம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

ஒரு நாட்டின் பிரதமர் மரம் நடத் தயங்கும் மனநிலையை எண்ணிப் பாருங்கள். நானே மேலே போகிறேன் என்ற நம்பிக்கையில் ஜெர்மனி போருக்குப் போகவில்லை. இன்று இருக்கும் பலம் நாளை இருக்காது என்று நினைத்தது. என் பார்வையில் 1914இன் மையம் இதுதான். நாளை மோசமாகும் என்று நம்புகிறவனுக்குப் பொறுமை நஷ்டமாகத் தெரியும்.

ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு இதே நோய் இன்னும் முற்றியிருந்தது. பத்துக்கும் மேற்பட்ட இனத்தவர் வாழ்ந்த பேரரசு அது. பால்கன் போர்களில் செர்பியா தன் நிலப்பரப்பை இரட்டிப்பாக்கிக்கொண்டது. பேரரசுக்குள் இருந்த தெற்கு ஸ்லாவியர்கள் (செர்பியர்களின் உறவினத்தார்) அதன் பக்கம் சாய்வார்கள் என்று தலைநகர் வியன்னா நடுங்கியது.

இன்னொரு பாரமும் இருந்தது. 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு இணைத்தபோது ரஷ்யா தலைகுனிந்து பின்வாங்கியது. 1911 மொராக்கோ நெருக்கடியில் ஜெர்மனி பின்வாங்கியது. ஒவ்வொரு முறையும் போர் தள்ளிப்போனது உண்மை. அதோடு, "அடுத்த முறை விடக்கூடாது" என்ற எண்ணமும் வளர்ந்தது. 1914இல் ரஷ்ய அமைச்சர்கள் 1908ஐ நினைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

37 நாட்கள்

1. ஜூன் 28: ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் மனைவி சோபியையும் காவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றான். ஆயுதம் கொடுத்தவர்கள் செர்பிய ராணுவ உளவுத்துறை ஆட்கள்.

2. ஜூலை 5, 6: வியன்னாவின் தூதர்கள் பெர்லினில் கேட்டார்கள். செர்பியாவை நீங்கள் என்ன செய்தாலும் கூட நிற்போம் என்று வில்ஹெல்மும் பெத்மானும் வாக்களித்தார்கள். தொகை எழுதாத காசோலை என்று வரலாற்றில் பெயர் பெற்றது இது. கையெழுத்து ஜெர்மனியுடையது, தொகையை நிரப்பும் உரிமை வியன்னாவுடையது. ஒரு பலவீனமான நண்பனிடம் போர் முடிவை ஒப்படைத்தது, அந்தக் கோடையின் மிகப் பெரிய தவறு.

3. ஜூலை 23: ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு கொடுத்தது. கொலைக்கும் கெடுவுக்கும் இடையே கிட்டத்தட்ட நான்கு வாரம். ஹங்கேரியப் பிரதமர் திசா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பல படைப்பிரிவுகள் அறுவடை விடுப்பில் இருந்தன. பிரெஞ்சு அதிபர் ரஷ்யத் தலைநகரிலிருந்து கப்பலேறும்வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது. கொலை நடந்த வாரத்தில் ஐரோப்பா முழுக்க ஆஸ்திரியாமேல் இரக்கம் இருந்தது. நான்கு வாரத்தில் அது கரைந்துபோனது.

4. ஜூலை 25: செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளுக்கு இறங்கிவந்தது. ஆஸ்திரிய அதிகாரிகள் தன் மண்ணில் விசாரிப்பதை மட்டும் மறுத்தது. 28ஆம் தேதி காலை அந்தப் பதிலைப் படித்த வில்ஹெல்ம், போருக்கான காரணமே போய்விட்டது, செர்பியத் தலைநகர் பெல்கிரேடைப் பிடித்துக்கொண்டு பேச்சு நடத்தலாம் என்று எழுதினார். அன்றே ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது.

5. ஜூலை 29, 30: செர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யா படைதிரட்ட முடிவெடுத்தது.

6. ஆகஸ்ட் 1: ஜெர்மனி ரஷ்யாமீதும், 3ஆம் தேதி பிரான்ஸ்மீதும் போர் அறிவித்தது. 4ஆம் தேதி பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்று இரவு 11 மணிக்குப் பிரிட்டனும் போரில் இருந்தது. பிரிட்டன் என்றால் இந்தியாவும்தான். இந்தியர்களில் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

ரயில் அட்டவணை கையில் போன முடிவு

கடைசி ஐந்தாவது, ஆறாவது புள்ளிகளில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ரஷ்யா பரந்த நாடு, ரயில் பாதை குறைவு. படைதிரட்ட வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முந்தித் தொடங்க வேண்டும் என்று தளபதிகள் நச்சரித்தார்கள். ஆஸ்திரியாவை மட்டும் எச்சரிக்கும் பகுதித் திரட்டல் போதும் என்று வெளியுறவு அமைச்சர் சசோனோவ் முதலில் நினைத்தார். அப்படி ஒரு பயன்படும் திட்டமே தயாராக இல்லை. பாதி தொடங்கினால் முழுத் திரட்டல் குழம்பிவிடும் என்று தளபதிகள் சொன்னார்கள். 29ஆம் தேதி மாலை முழுத் திரட்டலுக்கு உத்தரவு போன பிறகு, வில்ஹெல்மின் தந்தி வந்ததால் ரஷ்யப் பேரரசரான ஜார் அதை நிறுத்தினார். மறுநாள் சசோனோவ் நேரில் போய்ப் பேச, ஜார் மறுபடி இணங்கினார். இந்த முறை யாரும் மாற்ற முடியாதபடி தன் தொலைபேசியையே உடைத்துவிடுவதாகத் தலைமைத் தளபதி யானுஷ்கேவிச் சொல்லியிருந்தார். இத்தனை உயிர் தொங்கும் முடிவில், மன்னர் மனம் மாறிவிடக் கூடாதே என்பது அவருக்குக் கவலையாக இருந்தது.

ரஷ்யாவுக்குப் படைதிரட்டல் என்பது மிரட்டல். திரட்டிவிட்டு எல்லையில் நின்று பேசலாம். ஜெர்மனிக்கு அப்படி இல்லை. ரஷ்யா மெதுவாகத்தான் தயாராகும். அதற்கு ஆகும் ஆறு வாரத்துக்குள் பிரான்ஸை வீழ்த்திவிட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும் என்பது அதன் திட்டம். ரஷ்யா திரட்டத் தொடங்கினாலே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். பிரான்ஸின் கோட்டைகளைச் சுற்றிப் போக பெல்ஜியம் வழியாகத்தான் போக முடியும். அதற்கு லியேஜ் நகரத்தை முதல் சில நாட்களிலேயே பிடித்தாக வேண்டும். ஆகவே ஜெர்மனியில் திரட்டல் என்பதே போர். அந்த பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839 ஒப்பந்தத்தில் பிரிட்டனும் பிரஷ்யாவும் (ஜெர்மன் பேரரசுக்கு முன்னோடியான நாடு) உறுதி கொடுத்திருந்தன. ஒரு படைத் திட்டத்தின் வழித்தடம் பிரிட்டனைப் போருக்குள் இழுத்து வந்தது.

ஆகஸ்ட் 1 மாலை லண்டனிலிருந்து ஜெர்மன் தூதர் லிஷ்னோவ்ஸ்கியின் தந்தி வந்தது. பிரான்ஸைத் தாக்காவிட்டால் பிரிட்டன் விலகி நிற்கக்கூடும் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். மகிழ்ந்துபோன வில்ஹெல்ம், "படை முழுவதையும் கிழக்கே அனுப்புவோம்" என்றார். முடியாது என்றார் மோல்ட்கே. ஓராண்டு உழைத்துப் போட்ட திட்டம். மாற்றினால் லட்சக்கணக்கான ஆட்கள் சோறில்லாத கூட்டமாகப் போய் நிற்பார்கள். கிழக்கை மட்டும் நோக்கிய மாற்றுத் திட்டத்தை 1913இலேயே கைவிட்டிருந்தார்கள். தந்தி தவறான புரிதல் என்று அன்றிரவே தெரிந்தது. ஆனால் அந்த அறையில் தெரிந்த உண்மை மாறவில்லை: பேரரசர் வேறு வழி கேட்டபோது, கொடுக்க வேறு திட்டமே இல்லை.

போட்டி இருந்தும் போர் வராத இரண்டு இடங்கள்

அமெரிக்கா 1880களிலேயே எஃகில் பிரிட்டனை முந்தியது. 1895இல் வெனிசுலா எல்லைத் தகராறில் இரண்டும் முறைத்துக்கொண்டன. பிரிட்டன் நடுவர் தீர்ப்புக்கு ஒத்துக்கொண்டது; 1901இல் பனாமா கால்வாயை அமெரிக்கா தனியே கட்டவும் வழிவிட்டது. வளரும் நாடும் மேலே இருந்த நாடும் என்ற அதே கதை, போர் இல்லை. நடுவே ஒரு பெருங்கடல். கையைப் பிடித்து இழுக்க ஒரு செர்பியா இல்லை. ஆறு வாரக் கடிகாரமும் இல்லை.

கியூபாவில் சோவியத் யூனியன் ஏவுகணைகளை வைத்ததால் எழுந்த 1962 நெருக்கடி இன்னும் பொருத்தமானது. 1914 எப்படி நடந்தது என்று அமெரிக்க அதிபர் கென்னடி அந்த ஆண்டுதான் படித்திருந்தார். உடனே குண்டு வீசச் சொன்னவர்களைக் கேட்காமல், கப்பல்களை மறிக்கும் வழியைத் தேர்ந்தார். மறிப்பு எதிராளிக்கு யோசிக்க நாட்களைக் கொடுத்தது. துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம் என்று ரகசியமாகச் சொல்லி, சோவியத் தலைவர் குருஷேவ் முகம் கெடாமல் இறங்கவும் ஒரு படிக்கட்டு வைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு அமைக்க ஒப்பந்தமானது. 1914இல் ஜாரும் வில்ஹெல்மும் அனுப்பிய தந்திகள் ஒன்றையொன்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

இன்றைய செய்தியில் எதைப் பார்ப்பது

எத்தனை கப்பல், எத்தனை ஏவுகணை, யாருடைய பொருளாதாரம் பெரியது என்ற பட்டியல்கள் செய்தியில் நிறைய வரும். அவற்றைவிட மூன்று கேள்விகள் முக்கியம்.

1. "நாளை எனக்குக் கெட்டுவிடும்" என்று யார் நினைக்கிறார்? தைவான் விஷயத்தில் "குறிப்பிட்ட ஆண்டுக்குள்" என்ற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தாலும், அது 1917 என்ற பழைய பேச்சின் வாரிசு.

2. நெருக்கடி நேரத்தில் பேச வழி இருக்கிறதா? 2022 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் பெலோசி தைவான் போனதும், அமெரிக்காவுடனான முக்கிய ராணுவப் பேச்சுகளைச் சீனா நிறுத்தியது. மறுபடி தொடங்க இரு தலைவர்களும் ஒத்துக்கொண்டது 2023 நவம்பரில். கிட்டத்தட்ட 15 மாதம்.

3. எந்தச் சிறிய தகராறு எந்தப் பெரிய வாக்குறுதியோடு கட்டப்பட்டிருக்கிறது? தென்சீனக் கடலில் ஒரு திட்டில், 1999இல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த துருப்பிடித்த கப்பல் ஒன்று நிற்கிறது, சியெரா மாட்ரே என்று பெயர். அதில் சில வீரர்கள் காவல் இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் 1951 முதல் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. வேண்டுமென்றே செய்த செயலால் பிலிப்பைன்ஸ் ஆள் ஒருவர் இறந்தால் அது போர்ச் செயலை நெருங்கிவிடும் என்று அதிபர் மார்கோஸ் 2024 மே மாதக் கடைசியில் சொன்னார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 17 அன்று அந்தக் கப்பலுக்குச் சாமான் கொண்டுபோன படகுகளைச் சீனக் கடலோரக் காவல் படையினர் மறித்ததில் பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவரின் கட்டைவிரல் துண்டானது. உயிர் போகவில்லை. அடுத்த மாதமே, அரிசியும் தண்ணீரும் போய்ச் சேர மணிலாவும் பெய்ஜிங்கும் ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு வந்தன.